சீனியும் அழுத்தமும் எல்லையில் நிற்கின்றன: எந்தப் பழக்கத்தை முதலில் மாற்றுவது?

கேள்வி: உப்புவெளி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். வயது 44, திருகோணமலை நகரில், நாள் முழுவதும் மேசைக்கு முன் அமர்ந்திருக்கும் அலுவலக வேலை. அண்மையில் வெறும் வயிற்றில் செய்த இரத்தப் பரிசோதனையில் சீனி 112 என்று வந்தது; அன்றே அளந்த இரத்த அழுத்தம் 136/88. இப்போதைக்கு மருந்து வேண்டாம், பழக்கவழக்கங்களை மாற்றிக்கொண்டு மூன்று மாதங்களில் வாருங்கள் என்றார் வைத்தியர். எந்தப் பழக்கங்களை என்று நான் கேட்பதற்குள் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இணையத்தில் தேடினால் விடியற்காலை ஓட்டம், தியானம், சியா விதை, பச்சைச் சாறு என்று முடிவில்லாமல் நீள்கிறது. அவற்றையெல்லாம் செய்வதென்றால் வேலையை விட்டுவிடத்தான் வேண்டும். காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடுகிறேன். கச்சான் காற்று அனலாக வீசும் இந்த மாதங்களில், மாலையில் வீடு திரும்பினால் கதிரையை விட்டு எழவே மனம் வருவதில்லை. அம்மாவையும் சேர்த்து ஐந்து பேருக்கு ஒரே சமையல் என்பதால் எனக்கென்று தனி உணவும் இயலாது. இந்த நிலையில் பலன் தரக்கூடியவையும் விட்டுப்போகாதவையுமான பழக்கங்கள் எவை?

பதில்: ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்

தம்பி, வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருப்பது நீரிழிவுக்கு முந்திய நிலை. 126 அல்லது அதற்கு மேல் என்று மறுபரிசோதனையிலும் உறுதியானால்தான் அது நீரிழிவு. இந்த இடைநிலையில் இருப்போரை வைத்து அமெரிக்காவில் நடத்திய பெரிய ஆய்வொன்று 2002இல் வெளியானது. வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பையும் எடையில் 7 சதவீதக் குறைப்பையும் இலக்காகக் கொண்டவர்களிடம், நோய் தோன்றும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. சீனியைக் குறைக்கும் மெட்போமின் மாத்திரை எடுத்தவர்களிடம் அது 31 சதவீதமே. வெள்ளைக்காரர் உடம்பு வேறு என்று சொல்பவர்களுக்காக இதையும் சொல்கிறேன்: வைத்தியர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இந்தியாவில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், பழக்க மாற்றத்தால் மட்டும் ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது. அளவு சிறிதாயினும் திசை ஒன்றே.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது தேநீர்தான். நம் ஊரில் காலையில் ஒன்று, அலுவலகத்தில் இரண்டு, யாரையாவது பார்க்கப் போனால் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஐந்து கோப்பை சாதாரணமாக உள்ளே போய்விடும். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால், தலைதட்டிய கரண்டிக் கணக்கிலேயே 40 கிராம் சீனி. சேர்க்கப்படும் சீனி நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் கீழும், இயன்றால் 25 கிராமுக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஏற்கெனவே சீனி சேர்ந்த டின்பாலில் போட்ட தேநீரானால் இந்தக் கணக்கெல்லாம் அடிபட்டுப்போகும். இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, நாக்குப் பழகியதும் ஒன்றாக்குங்கள். முற்றாக விட முடியாவிட்டால், நம் பெரியவர்களைப் போல வெறும் பிளேன்ரீயுடன் சிறு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொள்ளலாம். பனங்கட்டியும் சீனிதான், அதில் மருந்து எதுவுமில்லை. ஆனால் கரைத்துக் குடிப்பதைவிடக் கடிப்பதில் அளவு தெரியும்.

மென்பானப் போத்தல்களில் 2016 முதல் இருக்கும் நிறக்குறியையும் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு.

பதில்: சமையலறைப் பக்கம்

தாதி அக்கா சீனியைச் சொல்லிவிட்டார்; அழுத்தத்துக்கு உப்பை யாராவது சொல்ல வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள், என்றுதான் எங்கும் எழுதுகிறார்கள். குடும்பச் சமையலில் யார் எவ்வளவு உண்டார் என்று எப்படி அளப்பது? நான் மாதக் கணக்கில் பார்க்கிறேன். ஐந்து பேருக்கு மாதம் 750 கிராம் என்பது மேல் எல்லை. ஒரு கிலோப் பொதி மாதம் முடிவதற்குள் காலியானால், பாணிலும் பிஸ்கற்றிலும் கருவாட்டிலும் வருவதைச் சேர்க்காமலே எல்லை தாண்டியாயிற்று.

எங்கள் வீட்டில் முதலில் சோற்றுக்கு உப்புப் போடுவதை நிறுத்தினோம். கறி இருப்பதால் ஒருவருக்கும் தெரியவில்லை. சொதியில் உப்பைக் குறைத்துத் தேசிக்காயைக் கூட்டினோம். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டுச் சமைக்கிறோம். அப்படியும் உப்பு முழுவதும் போகாது என்பதால் அன்றைக்குச் சம்பல் கிடையாது. கடினமானது சம்பல்தான். இடியப்பத்துக்கு உப்புக் குறைந்த சம்பலை வைத்தால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். வெங்காயத்தையும் புளிப்பையும் கூட்டி, சில வாரங்கள் பொறுத்தால் நாக்கு இணங்கிவிடும்.

உப்பைப் பற்றி இன்னொன்று. உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பை வாங்கச் சொல்வார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் சில வகை அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் அது ஆகாது. அம்மா இருக்கும் வீட்டில் வைத்தியரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

சோற்றுக்கு வந்தால், சிவப்பரிசிதானே என்று தட்டு நிறையப் போடுவதில் பயனில்லை. தட்டில் பாதிக்கு முருங்கையிலை வறையோ வல்லாரைச் சம்பலோ வேறு மரக்கறியோ இருக்கட்டும். சோறு எஞ்சிய இடத்துக்குள் அடங்கிவிடும்.

பதில்: கடற்கரை நடையர்

காலை ஐந்து மணி நடையைப் புனிதமாக்கி வைத்திருப்பதே பலரை நடக்கவிடாமல் செய்கிறது என்பது என் எண்ணம். சீனிக்காக நடப்பவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தாலே நல்ல பலன் உண்டு. உணவிலிருந்து இரத்தத்துக்கு வரும் சீனியை வேலை செய்யும் தசை உடனே எடுத்துக்கொள்கிறது. கச்சான் காலத்திலும் இரவு எட்டு மணிக்கு வெயில் இல்லை. உப்புவெளியில் வீட்டு ஒழுங்கையே போதும். நகருக்கு வந்த நாளில் டச்சு விரிகுடாக் கடற்கரையோரம் நடக்கலாம். மார்கழி மழையில் விறாந்தையில் நடப்பதைப் பார்த்து அயலவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

வார இறுதியில் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவில் வரை குடும்பமாக ஏறுங்கள். பிள்ளைகள் மான்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் நிற்காமல் ஏறுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்தின் அளவு. அலுவலகத்தில் தொலைபேசி அழைப்பு வந்தால் எழுந்து நின்று பேசுங்கள். தூக்கத்தை யாரும் சொல்லவில்லை. ஏழு மணி நேரமாவது தேவை, கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தேநீர், சோற்று உப்பு, இரவு நடை ஆகிய மூன்றை மட்டும் இந்த வாரம் தொடங்குகிறேன். ஒரு ஐயம்: அம்மா அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். வீட்டில் உப்பைக் குறைத்தால் அவருக்குத் தலைசுற்று வருமா?

பதில்: ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்

வரலாம், தம்பி. மாத்திரையும் வெயிலும் நீர் குறைவும் உப்புக் குறைப்பும் ஒன்றாகச் சேர்ந்தால், வயதானவர்களுக்கு எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்குவதுண்டு. ஆகவே உப்பைப் படிப்படியாகக் குறைத்து, வாரம் இரு தடவை அவருடைய அழுத்தத்தை அளந்து ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். தேநீர் குடித்த அரைமணி நேரத்துக்குள் அளக்க வேண்டாம். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து அமர்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமீது வைத்து அளக்க வேண்டும். இல்லையெனில் இலக்கம் பொய் சொல்லும். அளவு இறங்குவதாகத் தெரிந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் அந்தக் கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அளவை மாற்றுவது அவர்கள் வேலை. உங்கள் அளவுகளையும் அதே கொப்பியில் மற்றப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தால், மூன்று மாதம் கழித்து வைத்தியரிடம் கேட்பதற்கு உங்களுக்கும் கையில் ஏதாவது இருக்கும்.