பதிப்பு எண்ணை ஸ்ட்ரிங்காகவே வைப்பதா, மூன்று எண்களாக உடைப்பதா? (ரஸ்ட் கம்பைலர் உள்ளமைப்பு)

நுண்பிட்:
ரஸ்ட் நிலையான நூலகத்தில் ஒவ்வொரு பொது ஃபங்ஷனும் எந்தப் பதிப்பில் நிலைபெற்றது என்று 'ஸ்டேபிள்' அட்ரிபியூட் சொல்கிறது. அதிலுள்ள 'சின்ஸ்' மதிப்பு 2023 வரை கம்பைலருக்குள் வெறும் சிம்பல், அதாவது இன்டர்ன் செய்த ஸ்ட்ரிங் (அட்டவணையில் ஒருமுறை மட்டும் வைத்து, எண்ணால் குறிப்பது). பிறகு மேஜர், மைனர், பேட்ச் என்று மூன்று 16-பிட் எண்கள் கொண்ட ஸ்ட்ரக்ட் ஆனது. அதுதான் சரி என்கிறேன். ஸ்ட்ரிங்காக ஒப்பிட்டால் 1.10.0-ஐவிட 1.9.0 பெரியதாகிவிடும். அதைத் தவிர்க்கப் பழைய கோடு ஒரே ஸ்ட்ரிங்கை இரண்டு இடங்களில் இரண்டு விதமாக வெட்டியது: ஓரிடத்தில் எண்ணாக மாறாத துண்டுக்குப் பிழை காட்டும், இன்னோரிடத்தில் அதே துண்டைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

வரிசையாக்கி:
ஒப்பீடு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெட்டாடேட்டா (தொகுத்த நூலகத்தைப் பற்றிக் கம்பைலர் எழுதிவைக்கும் தகவல்) அளவையும் பாருங்கள். சிம்பல் முதல்முறை எழுதப்படும்போது டேக் (வகைக் குறி) 1 பைட், நீளம் 1, "1.10.0" என்ற எழுத்துகள் 6, கடைசியில் சென்டினல் (முடிவுக் குறி) 1, ஆக 9 பைட். அதே ஸ்ட்ரிங் மறுபடி வந்தால் டேக்கும் முன்பு எழுதிய இடத்தின் ஆஃப்செட்டும் மட்டும்தான். ஆஃப்செட் லெப்128 முறையில் (சிறிய எண்ணைக் குறைந்த பைட்டில் எழுதுவது) போவதால் 3 அல்லது 4 பைட். மொத்தம் 5-ஐத் தாண்டாது. ஸ்ட்ரக்ட்டோ ஒவ்வொரு முறையும் ஈனம் (குறிப்பிட்ட சில வேரியன்ட்டுகளில் ஒன்றாக மட்டும் இருக்கும் வகை) வேரியன்ட்டுக்கு 1, எண்களுக்கு 6, ஆக 7 பைட். 16-பிட் எண்ணை என்கோடர் லெப்128 ஆகச் சுருக்காது, இரண்டு பைட்டாகவே எழுதும். "1.0.0" ஆயிரக்கணக்கான இடங்களில் வரும் நூலகம் இது.

நுண்பிட்:
கணக்கு சரிதான். இடத்துக்கு 2, 3 பைட் கூடுகிறது. ஆனால் டீகோடு செய்யும் பக்கம்? சிம்பல் என்றால் ஆஃப்செட்டுக்குத் தாவி, ஸ்ட்ரிங்கைப் படித்து, இன்டர்னர் அட்டவணையில் தேட வேண்டும். ஸ்ட்ரக்ட்டில் 7 பைட் படித்ததும் வேலை முடிந்தது.

ஹாஷிலும் (ஏதாவது மாறியதா என்று அறியக் கணக்கிடும் சுருக்க எண்) இதே கதை. இன்டர்னர் எண் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறக்கூடியது என்பதால் அதை ஹாஷ் செய்ய முடியாது. ஸ்ட்ரிங்கின் நீளத்தையும் எழுத்துகளையும் ஸ்டேபிள் ஹாஷருக்குத் தர வேண்டும். நீளத்தை விட்டால் அடுத்தடுத்த இரண்டு ஸ்ட்ரிங்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூன்று 16-பிட் எண்களுக்கு அகலம் நிலையானது, அந்தத் தொல்லையே இல்லை. பைட் வரிசையை ஹாஷரே லிட்டில் எண்டியனாக்கிவிடுகிறது (சிறிய மதிப்புள்ள பைட் முதலில்).

சங்கிலி:
ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரக்ட்டில் புலங்களை மேஜர், மைனர், பேட்ச் என்ற வரிசையில்தான் அறிவிக்க வேண்டும். டிரைவ் செய்த (கம்பைலரே உருவாக்கித் தரும்) ஒப்பீடு அறிவித்த வரிசையையே பின்பற்றும்.

வரிசையாக்கி:
சரி, எண்ணாக மாறாதவற்றை என்ன செய்வீர்கள்? 'டெப்ரிகேட்டட்' அட்ரிபியூட்டை (இனிப் பயன்படுத்த வேண்டாம் என்ற குறி) பயனர் கிரேட்டுகளும், அதாவது பயனர்களின் ரஸ்ட் தொகுப்புகளும், எழுதுகின்றன. அங்கே 'சின்ஸ்' எதுவாகவும் இருக்கலாம், ஒரு தேதியாகக்கூட.

நுண்பிட்:
அதற்காகத்தான் அங்கே தனி ஈனம்: ரஸ்ட் பதிப்பு, எதிர்காலம் ("டிபிடி", அதாவது இன்னும் முடிவாகவில்லை, என்று எழுதியது), வழக்கத்துக்கு மாறான சிம்பல், குறிப்பிடாதது, பிழை. சிம்பல் தேவையான ஒரே வேரியன்ட்டில் மட்டும் சிம்பல் இருக்கிறது.

வரிசையாக்கி:
என் உண்மையான கவலை 'ஸ்டேபிள்' பக்கத்து 'சின்ஸ்' ஈனத்தில் எண் பதிப்போடு இருக்கும் 'கரன்ட்' வேரியன்ட். அடுத்த வெளியீட்டின் எண் தெரியாததால் மூலத்தில் இடநிரப்பியை எழுதுகிறார்கள். அது 'கரன்ட்' என்றே சேமிக்கப்பட்டால் ஹாஷில் போவது வேரியன்ட்டின் அடையாளம் மட்டும். பதிப்பு மாறினாலும் ஃபிங்கர்பிரின்ட் (கிடைக்கும் ஹாஷ் மதிப்பு) மாறாது. இது ஆபத்தில்லையா?

சங்கிலி:
வெளியிட்ட கம்பைலரில் இல்லை. இன்கிரிமென்டல் கேஷ் கோப்பின் (முந்தைய பில்டின் முடிவுகளை மறுபடி பயன்படுத்தச் சேமிப்பது) தலைப்பில் நான்கு எழுத்து மேஜிக் (கோப்பு வகைக் குறி), இரண்டு பைட் ஃபார்மட் எண், பிறகு கம்பைலரின் முழுப் பதிப்பு ஸ்ட்ரிங் இருக்கும். பொருந்தாவிட்டால் கோப்பு முழுவதையும் ஒதுக்கிவிடும். மெட்டாடேட்டாவிலும் பதிப்பு ஸ்ட்ரிங் பொருந்தாவிட்டால் இ0514 பிழை. எனவே 'கரன்ட்' என்பதை எழுதிய கம்பைலரேதான் படிக்கும்.

சிக்கல் டெவ் பில்டில், அதாவது கம்பைலரில் வேலை செய்பவர்கள் தாங்களே தொகுப்பதில். அங்கே கிட் ஹாஷ் (கமிட்டின் அடையாளம்) இயல்பாகவே சேர்க்கப்படாமல் விடப்படுவதால் பதிப்பு ஸ்ட்ரிங் "-டெவ்" என்று முடிந்து மாறாமலே கிடக்கும். இந்த ஈனத்தில் வேரியன்ட் வரிசையை மாற்றிவிட்டுப் பழைய கேஷோடு ஓட்டினால் தலைப்பு பொருந்தும், உள்ளே பைட்டுகளுக்குப் பொருள் வேறு. டீகோடர் பேனிக் ஆனால் (பிழையோடு நின்றுவிட்டால்) நல்லது. பேசாமல் தவறான பதிப்பைக் காட்டினால் கண்டுபிடிப்பது கடினம்.

வரிசையாக்கி:
கிட் ஹாஷை விடாதபடி கான்ஃபிக்கில் மாற்றினால் போதுமே?

சங்கிலி:
போதாது. கமிட் செய்யாத மாற்றத்துக்கு கிட் ஹாஷ் அதேதான். என்கோடிங்கைத் தொடும் வேலையில் சோதனைக் கிரேட்டின் இன்கிரிமென்டல் கோப்பகத்தை ஒவ்வொரு பில்டுக்குப் பிறகும் அழியுங்கள், அல்லது கார்கோ சூழல் மாறியில் இன்கிரிமென்டலை 0 ஆக்குங்கள். சார்பு கிரேட்டுகளின் பழைய மெட்டாடேட்டா கோப்புகளுக்கும் இதே கதிதான். அவற்றையும் துடைத்துவிட்டு ஓட்டுங்கள்.

வரிசையாக்கி:
அந்த நிபந்தனையோடு ஸ்ட்ரக்ட்டை ஏற்கிறேன். ஆனால் 'கரன்ட்' தேவையில்லை என்ற என் கருத்தில் மாற்றமில்லை. இடநிரப்பியை அட்ரிபியூட் பார்ஸ் செய்யும்போதே எண்ணாக மாற்றிவிட்டால் ஹாஷில் உண்மை மதிப்பே போகும், ஒரு வேரியன்ட்டும் குறையும்.

நுண்பிட்:
மாற்றிவிட்டால், இன்னும் வெளிவராத எண்ணையும் ஏற்கெனவே வெளிவந்த எண்ணையும் பிறகு பிரித்தறிய முடியாது. அந்த வேறுபாட்டை வேரியன்ட்டாகவே வைத்திருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.