மறு: டெட்சுபின் உட்படலத்துக்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம். டெட்சுபின் என்ற ஜப்பானிய வார்ப்பிரும்புக் கெண்டியின் உட்புறத்தில் உள்ள படலத்துக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் விவாதத்தில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> சீசனிங்குக்குப் 'பழக்குதல்' இருக்கிறதே, டெட்சுபினுக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

தோசைக்கல்லில் எண்ணெய் தடவிச் சூடேற்றிப் படலம் பிடிக்க வைக்கும் சீசனிங்குக்குப் பழக்குதல் அருமையான சொல். சுகியாகி சமைக்கும் ஜப்பானிய இரும்புச் சட்டிக்கும் பொருந்தும், அங்கேயும் எண்ணெய் தடவிச் சூடேற்றுவதுதான் வழக்கம். டெட்சுபின் அப்படியல்ல. அது வெந்நீர் வைக்கிற கெண்டி. பழக்க வேண்டுமாம் என்று ஒருவர் உள்ளே எண்ணெய் தடவிவிட்டால் வெந்நீரில் எண்ணெய் மிதக்கும்.

இவாத்தே மாகாணத்தில் மொரியோகாவிலும் ஓஷு நகரின் மிசுசாவா பகுதியிலும் வார்க்கப்படும் இந்தச் சாமான்களுக்கு நம்பு டெக்கி என்று பெயர். மொரியோகாவை ஆண்ட நம்பு குலத்தார் 17ஆம் நூற்றாண்டில் கியோத்தோவிலிருந்து கெண்டி வார்ப்பவர்களை வரவழைத்து வளர்த்த தொழில் அது. 1975இல் ஜப்பான் அரசு அதை மரபுக் கைவினையாக அறிவித்தது. அங்கே அச்சிலிருந்து எடுத்த கெண்டியைக் கரிநெருப்பில் 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சுகிறார்கள். இரும்பின் மேற்பரப்பே ஆக்சைடாக மாறி மெல்லிய சாம்பல் நிறப் படலமாகிவிடும். அப்புறம் துரு சுலபத்தில் ஏறாது, தண்ணீரில் இரும்பு வாடையும் இறங்காது. இந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் கனகேதோமே. இரும்பு வாடையை நிறுத்துவது என்று பொருள். அதை அப்படியே தமிழாக்கினால் நீளமான விளக்கம்தான் கிடைக்கும், கலைச்சொல் கிடைக்காது.

> 'உட்பூச்சு' என்றால் எல்லோருக்கும் புரியுமே.

தயவுசெய்து அது வேண்டாம். இங்கே யாரும் எதையும் பூசவில்லை. உள்ளே எனாமல் பூசிய கியூசு என்ற தேநீர்ப் பாத்திரம் தனியாக இருக்கிறது, அதை அடுப்பில் வைக்கக் கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வெளிப்புறத்தில் ஆலங்கட்டி போன்ற அதே புடைப்புப் புள்ளிகள்கூட இருக்கும் (நல்ல கெண்டியில் அந்தப் புள்ளிகளை மண் அச்சில் ஒவ்வொன்றாகக் கையால் குத்துகிறார்கள், அந்தப் பொறுமையை என்னவென்று சொல்வது!). எனவே பூச்சு என்ற சொல்லை எனாமலுக்கே விட்டுவிடுவோம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் எதை அடுப்பில் ஏற்றலாம் என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

என் முன்மொழிவு: வேலைக்குப் புடமிடல், விளைவுக்குப் புடப்படலம்.

சித்த மருத்துவத்தில் புடம் போட்டால் உலோகம் பற்பமாகி, அதாவது மருந்துப் பொடியாகிவிடுமே என்று நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் புடம்போட்ட தங்கம் என்றும் சொல்கிறோம், அதில் தங்கம் தங்கமாகவேதான் இருக்கிறது. நெருப்பில் இட்டு உலோகத்தைப் பக்குவப்படுத்துவதே சொல்லின் அடிப்படை. முன்பு இந்தக் குழுவில் முன்மொழியப்பட்ட 'கனற்படலம்' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து இயல்பான வினைச்சொல் பிறக்கவில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "கெண்டியின் புடப்படலத்தைத் தேய்த்துக் கழுவாதீர்கள். வெந்நீரைக் கொட்டிவிட்டு, மூடியைத் திறந்து வைத்து, இருக்கிற சூட்டிலேயே உலரவிடுங்கள்."

உலோகவியல் படித்தவர்கள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மறுப்பு இல்லையென்றால் இரண்டு சொற்களையும் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.