ஃபேரி ராஸ் (தொட்டியை விட்டு வெளியே பாயும் சின்னக் கடல் மீன்) வளர்த்தவர்கள், உங்கள் தொட்டியில் நடந்ததை எழுதுங்கள்

உப்புத்தண்ணீர்75:
மூன்று வாரமாக மனசு ஆறவில்லை. 75 கேலன் தொட்டி, ஒரு க்ளவுன் மீன் ஜோடி, சாதுவான ஒரு ஃபயர்ஃபிஷ், அப்புறம் சோலோரென்சிஸ் என்ற ஃபேரி ராஸ் இனத்து ஆண். ராத்திரி கரண்ட் போய்த் திரும்ப வந்ததும் டைமர் குழம்பி, வெள்ளை லைட் முழு வெளிச்சத்தில் எரிந்திருக்கிறது. காலையில் சோலோரென்சிஸைக் காணோம். ராக் இடுக்கு, தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ, கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டியான சம்ப், எல்லா இடமும் தேடினேன். கடைசியில் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவரோரமாக எறும்பு வரிசை போவது தெரிந்தது. அது போய் முடிந்த இடத்தில் கிடந்தது. உடம்பு காய்ந்து விறைத்திருந்தது. கண்ணைச் சுற்றிய அந்தச் சிவப்பு மட்டும் போகவில்லை. மூடியில் வலை இருந்தது. தண்ணீர் தொட்டிக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் பைப்புக்காக நான் வெட்டிய மூலையில்தான் இரண்டு விரல் இடைவெளி.

கொழும்பு_ரீஃப்:
வாசிக்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணா. ஆனால் எல்லோரும் பாய்வதைப் பற்றியே கதைக்கிறோம், பாய வைக்கிறது யார் என்று பார்ப்பதில்லை. நான் வளர்த்தது எங்கள் இலங்கைக் கடல் மீன், ரூபி லாங்ஃபின் என்ற ஃபேரி ராஸ். 2016இல்தான் அதைத் தனி இனம் என்று பெயரிட்டார்கள். என் தொட்டியில் அதற்கு முன்பே ஒரு சிக்ஸ்லைன் இருந்தது, அதுவும் ஒரு ராஸ்தான், முரடு, ஆனால் விரல் நீளம்தான். ரூபியைத் துடுப்பு விரிக்கவே விடவில்லை. தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் பம்புக்குப் பின்னால், மேல் தண்ணீரோடு ஒட்டி மூன்று நாள் நின்றது. மைசிஸ் இறால் தீனி போட்டால் கொஞ்சம் முன்னால் வரும். சிக்ஸ்லைன் கல்லுக்குள்ளிருந்து தலையை நீட்டினால் போதும், திரும்பிவிடும். நாலாம் நாள் தரையில் கிடந்தது. உங்கள் ஃபயர்ஃபிஷ் பாவம், அது ஒன்றும் செய்யாது. க்ளவுன் ஜோடி முட்டை வைத்திருந்ததா? முட்டையைக் காக்க அது மற்ற மீனை விரட்டுமே.

நானோ_கோவை:
லைட்தான் காரணம், க்ளவுன் மேல் பழி போட வேண்டாம். வாங்கி வந்த முதல் ராத்திரி நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். ராக் இடுக்கில் என் லுபாக்கி (அதுவும் ஒரு ஃபேரி ராஸ்), கண்ணாடி மாதிரி ஒரு பைக்குள் அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்று இடுக்கியால் தொட்டேன். பையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து கண்ணாடியில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தூங்கும்போது தன்னைச் சுற்றி அது சுரக்கும் சளிக்கூடு அது. இருட்டில் திடீர் வெளிச்சம் பட்டால் ஃபேரி ராஸ் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

புதிதாக வாங்குகிறவர்கள் கவனிக்க: வலைக் கண் 6 மி.மீ.க்கு மேல் வேண்டாம், பைப், ஒயர் போகும் ஓட்டைகளையும் சேர்த்து அடையுங்கள். ஃபேரி ராஸை முதலில் விடுங்கள், முரட்டு மீனைக் கடைசியில். சிக்ஸ்லைன், டாட்டிபேக் என்ற இரண்டு முரட்டு மீனும் வேண்டவே வேண்டாம். கார்டினல், ஃபயர்ஃபிஷ், ஃப்ளாஷர் ராஸ் எல்லாம் ஒத்துப்போகும். ஒரே இனத்தில் இரண்டு ஆண் வேண்டாம். பெண்களை மட்டும் விட்டால் பெரியது ஆணாக மாறிக்கொள்ளும். புது மீனை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் தொட்டிக்குள்ளேயே சில நாள் தொங்கவிட்டால் பழையவை முறைத்து முறைத்து அடங்கிவிடும். மணல் ஆழத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், ஹாலிகோரஸ் வகை ராஸ் மாதிரி இது மணலில் புதைந்து தூங்காது. தீனியை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போடுங்கள்.

உப்புத்தண்ணீர்75:
கொழும்புத் தம்பி, நீங்கள் கேட்டதும் போய்ப் பழைய போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். அந்த வாரம் க்ளவுன் முட்டை வைத்திருந்தது. ரிட்டர்ன் பைப் மூலையில், கண்ணாடியிலேயே.