டியூன் நாலாவது புக் காட் எம்பரர்: தொடரலாமா, தாவிடலாமா?

மணல்காடன்:

மக்களே ஒரு டவுட். ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதுன டியூன் சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரிஸ்ல மூணு புக் முடிச்சாச்சு. முதலாவது பத்தி சொல்லவே வேணாம், ரெண்டாவது மெசையா சின்ன புக்கு அதனால கடகடன்னு ஓடிருச்சு, சில்ட்ரன் ஆஃப் டியூன் நடுவுல ரொம்ப இழுத்தாலும் ஹீரோ பால் அட்ரெய்டிஸோட மகன் அந்த லெட்டோ பய சாண்ட்ட்ரவுட்ட (ராட்சத மணல் புழுவோட குட்டிய) உடம்பெல்லாம் ஒட்ட விட்டுக்கிட்டு பாலைவனத்துல ஓட ஆரம்பிச்சதும் தூக்கம் போயிருச்சு. அதே சூட்டோட காட் எம்பரர் ஆஃப் டியூன் எடுத்தேன்.

ஆரம்பத்துல ஓநாய் துரத்துற சீன், புரட்சிக்காரப் பொண்ணு சியோனா கூட வந்தவங்க எல்லாம் ஒவ்வொருத்தரா சாகுறாங்க, அவ மட்டும் ஆத்தைத் தாண்டுறா, சூப்பரா இருந்துச்சு. அதுக்கப்புறம்? பேச்சு. பேச்சு. மறுபடி பேச்சு. 3500 வருஷம் தள்ளிப் போயாச்சு, தெரிஞ்ச முகம் ஒண்ணும் இல்ல, புழுவா மாறிட்டிருக்குற அதே லெட்டோ வண்டில படுத்துக்கிட்டு வர்றவன் போறவன் எல்லாருக்கும் கிளாஸ் எடுக்குறாரு, அதுலயும் பாதி புரியற மாதிரி இருந்துட்டு கடைசி வரில வழுக்கிட்டுப் போயிடுது. பாதிகூட தாண்டல. இதை விட்டுட்டு நேரா அஞ்சாவது ஹெரடிக்ஸுக்குப் போனா கதை புரியுமா? முடிச்சவங்க சொல்லுங்க. ஸ்பாய்லர் கொஞ்சம் பாத்துப் போடுங்க.

---

ராப்பாடி:

தாவாதீங்க ப்ரோ. என்னக் கேட்டா ஆறு புக்லயும் இதுதான் பெஸ்ட், முதலாவதையும் சேத்துத்தான் சொல்றேன்.

போர் அடிக்குதுன்னு சொல்றீங்க பாருங்க, அதான் மேட்டரே. லெட்டோ செஞ்சு வச்சிருக்குறதே ஒரு போர் அடிக்கிற உலகம். ஸ்பைஸ், அதான் மணல் புழுவால உண்டாகுற அந்த போதை மசாலா, மொத்தமும் அவரு கைல, புதுசா ஒரு துளி உற்பத்தி கிடையாது ஏன்னா புழுவே கிடையாது, அவரு பதுக்கி வச்சிருக்குறதுல இருந்து கொடுத்தாத்தான் விண்வெளிப் போக்குவரத்த கைல வச்சிருக்குற கில்டு கப்பலே ஓட்ட முடியும், அதனால யாரும் இஷ்டத்துக்கு ஊரு விட்டு ஊரு போக முடியாது, சண்டை கிடையாது, 3000 வருஷத்துக்கு மேல எல்லாரும் அவனவன் கிராமத்துல உக்காந்து கிடக்கான். இத வேணும்னே பண்றாரு. இப்படி அமுக்கி அமுக்கி வச்சா, தான் செத்த அன்னைக்கு மனுச இனம் நாலா பக்கமும் சிதறி ஓடும், அப்புறம் எந்த ஒரு ராஜாவாலயும் எந்த ஒரு ஞானதிருஷ்டிக்காரனாலயும் மொத்தமா புடிச்சு அடைக்க முடியாதுன்னு கணக்கு. அப்பன் பால் அட்ரெய்டிஸ் பாத்துட்டு பயந்து ஓடுன வழி அது, மகன் எடுத்துக்கிட்டாரு. ஹெரடிக்ஸ் அந்த சிதறலுக்கு 1500 வருஷம் கழிச்சு நடக்குது. நாலாவத படிக்காம போனா வெளிய இருந்து திரும்பி வர்றவங்க யாரு, எதுக்காகப் போனாங்கன்னு ஒரு எழவும் மனசுல ஒட்டாது.

---

மணல்காடன்:

யோவ் செத்த அன்னைக்குன்னு போட்டுட்டீரே. ஸ்பாய்லர் பாத்துப் போடுங்கன்னுதானய்யா சொன்னேன்.

---

ராப்பாடி:

முதல் சில பக்கத்த மறுபடி புரட்டுங்க. பல காலம் கழிச்சு தார்-எஸ்-பலாத்துல தோண்டி எடுத்த லெட்டோவோட டைரிய பத்தி ஒரு அம்மா உரையாத்துறாங்கல்ல? அவரு ஆட்சி எப்பவோ முடிஞ்ச கதைன்னு எழுத்தாளரே வாசல்லயே சொல்லிட்டுத்தான் உள்ள கூட்டிட்டுப் போறாரு. எப்படி, யாரால அப்படிங்குறதுதான் மிச்சம், அத நான் தொடல.

---

செவ்வந்தி:

ராப்பாடி சொன்னத நான் ஒத்துக்க மாட்டேன். "போர் அடிக்கிறது வேணும்னே பண்ணது" அப்படிங்குறது எந்த சுமாரான புக்குக்கும் சொல்லலாம். ஜனங்க சலிச்சுப் போய்க் கிடக்குறாங்கன்னு காட்ட படிக்கிறவனையும் சலிப்படைய வைக்கணும்னு அவசியம் இல்ல. 1965ல வந்த முதல் புக்லயும் தத்துவம் இருந்துச்சு, ஆனா ஒரு விருந்து சீன் எடுத்துக்கோங்க, மேஜைல உக்காந்திருக்குற ஒவ்வொருத்தனுக்கும் மனசுல ஒரு திட்டம், வாயில ஒரு பேச்சு, யாரு யாரைக் கவுக்கப் போறான்னு நமக்கு படபடன்னு இருக்கும். இங்க லெட்டோவுக்கு எல்லாம் தெரியும். எதிர்ல இருக்குறவனுக்கு ஒண்ணும் தெரியாது. அப்புறம் எங்க இருந்து டென்ஷன் வரும்?

அப்புறம் ஹ்வி நோரி. இக்ஸ் கிரகத்துக்காரங்க லெட்டோவ மயக்கணும்னே உருவாக்கி அனுப்புன பொண்ணு, சரி, ஐடியா நல்லாருக்கு, பொறின்னு தெரிஞ்சே அவரு போய் விழுறாருங்குறது இன்னும் நல்லாருக்கு. ஆனா அந்தப் பொண்ணுக்குன்னு ஒரு கோவம், ஒரு ஆசை, ஒரு கெட்ட குணம் ஏதாச்சும் இருக்கா? நல்லவ, நல்லவ, நல்லவ, அவ்ளோதான். பெண்களை மட்டும் வச்சு ஃபிஷ் ஸ்பீக்கர்ஸ்னு ஒரு படை, ஆம்பளைங்க படை சண்டை இல்லாத காலத்துல சொந்த ஜனத்து மேலயே பாயும்னு அதுக்கு ஒரு லெக்சர். அதுல ஓரினச்சேர்க்கை பத்தி லெட்டோவோட காரியதரிசி மோனியோவும், முதல் புக்ல செத்து இப்ப நகலா வந்திருக்குற டங்கனும் பேசுற இடம் இருக்கே, 1981லயே சங்கடமா இருந்திருக்கும், இன்னைக்குப் படிச்சா புக்க மூடி வைக்கத் தோணுது. கதாபாத்திரம்தான பேசுது எழுத்தாளர் இல்லியேன்னு சொல்லலாம்தான், ஆனா அந்த புக்ல எல்லா கதாபாத்திரமும் ஒரே குரல்லதான பேசுது.

இவ்ளோ திட்டுனாலும் நான் ரெண்டு தடவ படிச்சிருக்கேன்ங்குறதும் உண்மை. காரணம் மோனியோ.

---

ராப்பாடி:

ஒரே குரல்னு சொல்றது ஓவர். டங்கன் ஐடஹோ பேசுறதும் லெட்டோ பேசுறதும் ஒண்ணா? அந்த ஆளு முழுசுக்கும் கத்திக்கிட்டேல்ல இருக்காரு.

---

செவ்வந்தி:

கத்துறதும் ஒரே மாதிரிதான் கத்துறாரு. சரி விடுங்க டங்கன உங்களுக்கே கொடுத்துட்டேன்.

---

கணக்குப்பிள்ளை:

செவ்வந்தி மேடம் மோனியோன்னு சொன்னதும் லாகின் பண்ணி வந்துட்டேன். இந்த புக்க லெட்டோ கதையா படிச்சா இழுக்கும், மோனியோ கதையா படிச்சா ஓடும். மணல்காடன் நீங்க நிறுத்துன இடத்துல இருந்து அப்படிப் படிச்சுப் பாருங்க.

யோசிங்க, சின்ன வயசுல லெட்டோவுக்கு எதிரா கிளம்புன புரட்சிக்காரன் இந்த மோனியோ. லெட்டோ என்ன பண்ணுவாருன்னா தன்ன எதுக்குறவனக் கொல்ல மாட்டாரு, அதுல திறமையான ஆளா பொறுக்கி எடுத்து, தான் பாக்குற எதிர்காலத்த அவனையும் பாக்க வச்சு, வேலைக்கு சேத்துக்குவாரு. அப்படி சேந்தவன்தான் இப்ப அந்த சாம்ராஜ்யத்தையே நடத்துற ஆளு. இப்ப அவன் மக சியோனா அதே மாதிரி கிளம்பிட்டா. தன் மகளும் தான் போன வழில போய் சாவாளா, இல்ல தன்னை மாதிரி குனிஞ்சு நிப்பாளான்னு தெரியாம, ஒரு நாளும் வாய் விட்டுக் கேக்காம, வேளா வேளைக்கு ஃபைல் எடுத்துட்டு ஐயா முன்னாடி போய் நிக்கிறான். பெரிய அதிகாரிக்கிட்ட காலம் பூரா பி.ஏ.வா இருந்த ஆள பாத்திருக்கீங்களா, ஐயா செருமுறத வச்சே இன்னைக்கு கையெழுத்து வாங்கலாமா வேணாமான்னு சொல்லிடுவாரு, அப்படியே மோனியோவும் அந்த ஏழு மீட்டர் உடம்புல எங்க ஒரு நடுக்கம் வருது, கை எப்ப துடிக்குது, கண்ணு எப்ப மங்குதுன்னு பாத்துக்கிட்டே பேசுவான், ஏன்னா உள்ள இருக்குற புழு முழிச்சிட்டா அடுத்த நொடி நசுங்கிருவான். டென்ஷன் இல்லன்னு மேடம் சொன்னதுக்கு என் பதில் இதுதான், டென்ஷன் பேச்சுல இல்ல, பேச்சுக்கு நடுவுல அவன் பார்வை எங்க போகுதுங்குறதுல இருக்கு.

இன்னொண்ணு, ஆக்‌ஷனே இல்லன்னு நினைச்சுடாதீங்க. ஓன் நகரத்துக்குப் போற வழில உருவம் மாத்துற ஃபேஸ் டான்சர்ஸ் எல்லாம் டங்கன் உருவத்துலயே வந்து தாக்குவானுங்க. அதுல நிஜ டங்கன் தன்ன அடையாளம் காட்ட என்ன பண்ணுவாருன்னு சொல்ல மாட்டேன், நான் சிரிச்சே புட்டேன்.

---

ஒத்தையடிப்பாதை:

நான் பாதில விட்டவன், திரும்பப் போகவும் இல்ல. எனக்கு அந்த அராக்கிஸ் கிரகம்தான் கதை. பாலைவனம், தண்ணிக்கு அவங்க படுற பாடு, அந்தப் பாலைவனத்து ஃப்ரெமன் ஜனங்களோட கட்டுப்பாடு, அதுக்காகத்தான் இந்த சீரிஸ்குள்ளயே வந்தேன். நாலாவதுல அந்த கிரகம் பூரா பச்சை, காடு, ஆறு, அந்த ஆத்துக்கே ஐடஹோன்னு பேரு. சரீர்னு சுவரு கட்டுன ஒரு துண்டுப் பாலைவனம் மட்டும் லெட்டோவுக்குன்னு மிச்சம். ஃப்ரெமன் என்னாச்சுன்னா மியூசியம் ஃப்ரெமனாம், பழைய சடங்க அர்த்தம் தெரியாம செஞ்சு காட்டுறாங்க, புழுப் பல்லுல செய்யுற கிரிஸ்நைஃப் கத்தி கூட டூப்ளிகேட். முதல் புக் ஃப்ரெமன் தலைவர் ஸ்டில்கார் வாரிசுக்கு இந்தக் கதியான்னு ஆயிடுச்சு. அவரு அதத்தான் காட்ட நினைக்கிறாருன்னு எனக்கும் புரியுது, ஒரு ஜனம் எதுக்காக பாடுபட்டுச்சோ அது கிடைச்சதும் அந்த ஜனமே இல்லாம போயிடுச்சுன்னு. புரியுது ஆனா படிக்கப் புடிக்கல. சில்ட்ரன் ஆஃப் டியூனோட நிறுத்திக்கிறவங்களும் உண்டு, தப்பே இல்ல. 2003ல வந்த மினி சீரிஸும் அதோடதான் நிறுத்துச்சு, அதுக்கு மேல யாரும் தொடல, இப்ப படமா எடுக்குற டைரக்டர் வில்னுவும் மூணாவது படத்த மெசையா கதையோட முடிச்சுக்குறேன்னு சொல்லிட்டாரு.

---

ராப்பாடி:

அந்த மியூசியம் ஃப்ரெமன பாத்து டங்கனுக்கு வர்ற அருவருப்புதான் உங்களுக்கும் வந்திருக்கு. ட்லெய்லாக்சுன்னு செத்தவங்கள நகலெடுக்குற ஆளுங்க டங்கன திரும்பத் திரும்ப செஞ்சு அனுப்பிக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொரு டங்கனும் முதல் புக் காலத்து நினைப்போட கண்ணு முழிச்சு, என்ன கருமம்டா இதுன்னு பாக்குறான், அதுல பல பேரு லெட்டோவக் கொல்லவே பாக்குறாங்க. ஆரம்பத்துலயே ஒருத்தன் லேஸ்கன் துப்பாக்கியோட வந்து நசுங்குவான்ல. முதல் புக்கு ஞாபகத்தோட வந்து ஏமாந்து போற ரசிகன்தான் டங்கன், உங்களுக்குன்னே எழுதி வச்ச ஆளு அவரு.

---

ஒத்தையடிப்பாதை:

அப்ப நானும் நசுங்கிட்டேன்னு வச்சுக்கோங்க 😄

---

செவ்வந்தி:

அது நல்ல பாயின்ட் ராப்பாடி. டங்கன திருப்பிக் கேக்கலாமான்னு யோசிக்கிறேன்.

மணல்காடனுக்கு ஒண்ணு, முழுசா முடியலன்னாலும் சியோனாவ லெட்டோ சரீருக்குக் கூட்டிட்டுப் போற பகுதி வரைக்கும் வந்துடுங்க. ரெண்டே பேரு, மணல், உடம்பு ஈரத்த சேத்து வைக்கிற ஒரு ஸ்டில்சூட், முகமூடிய சரியா மாட்டாம ஈரத்த வீணடிச்சுக்கிட்டு நடக்குறா, அவரும் சொல்லிக்கொடுக்காம கூடவே வர்றாரு. முதல் புக்ல இருந்த அந்த வறட்சி மறுபடி வர்ற ஒரே இடம். அவ அங்க பாக்குற காட்சி, தானா தேடித் தேடி மனுசன வேட்டையாடுற மெஷின், அதுதான் லெட்டோ எதுக்கு இவ்ளோ கொடுமையும் பண்றாருங்குறதுக்கு பதில். அதே இடத்துல தண்ணி பட்டா அவருக்கு என்னாகும்னும் தெரிஞ்சுக்குவா. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் புக்க கீழ வைக்க மாட்டீங்க.

---

மணல்காடன்:

சரி கணக்குப்பிள்ளை சார் சொன்ன மாதிரி நேத்து ராத்திரி மோனியோ வர்ற பக்கமா பாத்துப் பாத்து உக்காந்தேன். உண்மையாவே வேற மாதிரி இருக்கு. லெட்டோ பேசுறத கேக்குறத விட்டுட்டு மோனியோ ஏன் இப்ப ஒரு அடி பின்னால போறான்னு பாத்தா சுவாரசியமாத்தான் இருக்கு. ஆனா ஒவ்வொரு அத்தியாயத் தலைமாட்டுலயும் வர்ற ஸ்டோலன் ஜர்னல்ஸ் (லெட்டோ டைரி) துண்ட தாண்டிக்கிட்டேதான் போறேன், திட்டாதீங்க.

இன்னொரு கேள்வி, இத முடிச்சா அஞ்சும் ஆறும் படிச்சே ஆகணுமா? கதை எங்கயாச்சும் முடியுதா?

---

கணக்குப்பிள்ளை:

தாண்டுங்க, போலீஸ் வராது.

முடியல. அஞ்சாவது 1984, ஆறாவது சேப்டர்ஹவுஸ் 1985, அதுல கதை ஒரு கப்பல் எங்கயோ கிளம்பிப் போறதோட நிக்குது, அடுத்த வருஷமே ஹெர்பர்ட் போயிட்டாரு. மகன் பிரையனும் கெவின் ஆண்டர்சனும் சேந்து 2006லயும் 2007லயும் ரெண்டு புக்கா எழுதி முடிச்சு வச்சாங்க, அத பத்திக் கேட்டீங்கன்னா இங்க அடிதடி ஆயிடும், தனி த்ரெட் போடுங்க. ஆனா நாலாவது மட்டும் தனியாவே முழுசா இருக்குற கதை. இதோட நிறுத்துனாலும் பாதில எந்திரிச்ச மாதிரி இருக்காது.

---

ராப்பாடி:

சேப்டர்ஹவுஸ் முடிஞ்சதும் கடைசில அவரு மனைவி பெவர்லி பத்தி எழுதியிருக்குற பக்கங்கள மட்டும் விட்ராதீங்க. அதுக்காகவாச்சும் ஆறாவது வரைக்கும் போகலாம்.

---

செவ்வந்தி:

அந்த தனி த்ரெட்ட யாரு போடுறா? மகன் எழுதுனத பத்தி எனக்கு நிறைய சொல்ல வேண்டியிருக்கு.