புதுப்பிப்பு: நாஸ் பெட்டி மறுபடி திறந்துவிட்டது

போன வாரம் புலம்பியது இதுதான்: கணினியை விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட்டுக்கு மாற்றியதும் நாஸில் (வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பெட்டி) இருக்கும் குடும்பப் படங்கள் திறக்கவில்லை. பிங் போகிறது (நாஸ் நெட்வொர்க்கில் பதில் தருகிறது), பிரவுசரில் நாஸின் அட்மின் பக்கம் வருகிறது, போனில் எல்லாம் தெரிகிறது. கணினியில் மட்டும் ஃபோல்டர் வர மறுத்தது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

“கெஸ்ட் அக்சஸை விட்டுவிட்டு, பாஸ்வேர்டோடு ஒரு யூசர் போடுங்கள்” என்றவர் சொன்னதுதான் சரி. 24எச்2 புரோ பதிப்பு எஸ்எம்பி சைனிங் கேட்கிறது; அதாவது, நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறையான எஸ்எம்பியில் போகும் தகவலுக்கு டிஜிட்டல் கையொப்பம். பாஸ்வேர்டு இல்லாத கெஸ்டால் அது முடியாது. சோம்பேறித்தனத்தில் நான்தான் கெஸ்டைத் திறந்து வைத்திருந்தேன். வேறு சிலர் அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி1-ஐ ஆன் செய்யச் சொன்னார்கள். பாதுகாப்பில் ஓட்டை என்பதால் தொடவில்லை.

எதிர்பாராதது ஒன்று. புது யூசர் போட்டும் அரை மணி நேரம் “அனுமதி இல்லை” என்றே வந்தது. கன்ட்ரோல் பேனலில், விண்டோஸ் பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்தால், நாஸின் ஐபி முகவரிக்கு எப்போதோ சேமித்த பழைய பெயர் உட்கார்ந்திருந்தது! அதை நீக்கி, கணினியை ரீஸ்டார்ட் செய்து, புதுப் பெயரைக் கொடுத்தேன். உடனே திறந்தது. டிவிக்கும் இனி அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும்; ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாக.