குடும்பக் குழு: நிவேதாவின் சொற்பட்டியல்

நிவேதா: ராத்திரி உட்கார்ந்து முப்பது ஆங்கில வார்த்தை மனப்பாடம் செய்தேன். காலையில் பாதி காணோம் 😭 வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு எழுதின மாதிரிதான்.

கார்த்தி: மறக்காமல் என்ன செய்யும்? எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து, 1885-லேயே புத்தகம் போட்டுவிட்டார். முதல் நாளில்தான் மறதி அதிகம். நாளைக்கு ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை என்று பார். அர்த்தத்தைக் கையால் மறைத்துக்கொண்டு!

பெரியப்பா: என்னென்ன வார்த்தை?

நிவேதா: லொக்வேஷியஸ், வாயாடி. மிட்டிகேட், குறைப்பது. கிரெடுலஸ், நம்புவது...

பெரியப்பா: முதல் வார்த்தைக்கு உன் அத்தை போட்டோவை ஒட்டிவிடு, மறக்காது 😄

வசந்தி அத்தை: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் அண்ணா.

கார்த்தி: அகரவரிசையை விட்டுவிட்டு வேரைப் பிடி நிவி. லத்தீனில் 'லொக்வி' என்றால் பேசுவது. எலொக்வென்ட் (அழகாகப் பேசுகிறவர்), சொலிலொக்வி (தனக்குத்தானே பேசுவது) எல்லாம் அதே குடும்பம். 'கிரெட்' என்றால் நம்புவது. கிரெடிட் கார்டுகூட அங்கிருந்து வந்ததுதான்.

நிவேதா: அப்போ கிரெடிபிளும் கிரெடுலஸும் ஒன்றா?

வசந்தி அத்தை: இல்லைம்மா. கிரெடிபிள் என்றால் நம்பத்தகுந்தது. கிரெடுலஸ் என்றால் எதைச் சொன்னாலும் நம்புகிற ஆள். வருகிற ஃபார்வர்டையெல்லாம் நம்பி இங்கே போடுவாரே ஒருவர், அவர் மாதிரி.

பெரியப்பா: 🙏

வசந்தி அத்தை: தமிழில் ஒரே ஒரு அர்த்தம் எழுதி வைத்தால் இப்படித்தான் குழம்பும். ஃப்ரூகல், ஸ்டிஞ்ஜி இரண்டுமே செலவு செய்யாத ஆள்தான். ஆனால் ஃப்ரூகல் பாராட்டு, ஸ்டிஞ்ஜி திட்டு. மிட்டிகேட் 'குறைப்பது'தான். அதற்காக வண்டி வேகத்தைக் குறைத்தேன் என்பதற்கு அதைப் போடலாமா? ரிஸ்க், டேமேஜ் மாதிரி கெட்டதோடுதான் அது சேரும். 2011-ல் ஜிஆர்இயை மாற்றியபோதே எதிர்ச்சொல் கேள்வியை எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்தில் பொருந்துகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

நிவேதா: டிஸ்இன்ட்ரஸ்டட்? ஆர்வமில்லாதவர்தானே?

வசந்தி அத்தை: அது அன்இன்ட்ரஸ்டட். இது எந்தப் பக்கமும் சாயாதவர். நடுவர் டிஸ்இன்ட்ரஸ்டடாக இருக்க வேண்டும். அன்இன்ட்ரஸ்டடாக இருந்தால் ஆட்டம் நாசம். முப்பதெல்லாம் வேண்டாம், தினம் ஐந்து வார்த்தை, ஐந்தும் சொந்த வாக்கியத்தில்.

நிவேதா: சரி அத்தை. ராத்திரி இங்கேயே போடுகிறேன்.

கார்த்தி: அத்தைக்குத் தனியாக அனுப்பு. இங்கே போட்டால் தப்பு வாக்கியத்துக்கும் பெரியப்பா கட்டைவிரல் தூக்கிவிடுவார்.

பெரியப்பா: 👍