முதுகுப்பையை முதலில் வாங்குவதா, கடைசியிலா?

நடைவிரும்பி:
வணக்கம். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடும் மலைநடைகள் எனக்குப் பழக்கம்தான். மேலேயே இரவு தங்கப் போவது இதுதான் முதல்முறை. இரண்டு மூன்று இரவுகள். குளிர் 5 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் என்கிறார்கள். கூடாரம் தோழியிடம் இருக்கிறது. முதுகுப்பையும் ஸ்லீப்பிங் பேக்கும் நான் வாங்கியாக வேண்டும். 65 லிட்டர் பை ஒன்றையும், உறையில் “0 டிகிரி” என்று அச்சிட்ட செயற்கை இழை ஸ்லீப்பிங் பேக் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் வாங்கிவிடலாமா?

கூடாரவாசி:
அந்த 65 லிட்டர் பையை இப்போது வாங்காதீர்கள். முதுகுப்பை கடைசியில் வாங்க வேண்டிய பொருள். ஸ்லீப்பிங் பேக், மாற்றுத்துணி, அடுப்பு, உணவு என்று கொண்டுபோகும் எல்லாவற்றையும் வீட்டில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் நெருக்கி அடுக்குங்கள். அடுக்கிய உயரத்தையும் பெட்டியின் நீள அகலங்களையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். அதற்கேற்ற பை போதும். மூன்று இரவுகளுக்கு 45, மிஞ்சிப்போனால் 50. பையில் காலியிடம் இருந்தால் கை சும்மா இருக்காது. இரண்டாவது ஸ்வெட்டர், மூன்றாவது டார்ச், பிரிக்கவே போகாத புத்தகம் என்று ஏறிக்கொண்டே போகும். இத்தனைக்கும் சட்டகம் வைத்த 65 லிட்டர் பைகளில் பல, வெறும் பையாகவே இரண்டு கிலோவை நெருங்குபவை.

மலைக்காகம்:
எதை எடுப்பது, எதை விடுவது என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குச் சொல்ல வேண்டிய அறிவுரை இது. புதியவருக்கு இன்னும் அந்தத் தெளிவு வந்திருக்காது. நான் பார்த்தவரை, முதல் பயணத்தைக் கெடுப்பது லிட்டர் கணக்கு இல்லை; உடம்பில் சரியாக உட்காராத பை. ஆகவே முதலில் பையைத்தான் பார்க்க வேண்டும், நேரில், தோளில் மாட்டி.

நடைவிரும்பி, உங்கள் முதுகளவை எடுத்துவிட்டீர்களா? தலையைக் குனிந்தால் பின்கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்தும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இரு கைகளையும் வைத்துக் கட்டைவிரல்களைப் பின்பக்கம் நீட்டினால் அவை முதுகெலும்பில் ஒரு மட்டத்தைக் காட்டும். துருத்திய எலும்பிலிருந்து அந்த மட்டம் வரை இன்னொருவர் டேப்பால் அளக்க வேண்டும். ஆளின் உயரத்தை வைத்து இதை ஊகிக்க முடியாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு முதுகு நீளம். பல நிறுவனங்கள் ஒரே பையை இரண்டு மூன்று முதுகளவுகளில் செய்கின்றன. பெண்களுக்கென்று வரும் பைகளில் தோள்வார்களின் வளைவும் இடுப்புப்பட்டையின் சாய்வும் வேறு.

கடையில் எட்டு பத்து கிலோ எடையை உள்ளே வைக்கச் சொல்லிக் கால் மணி நேரமாவது நடந்து பாருங்கள். படி இருந்தால் ஏறி இறங்குங்கள். முதலில் இடுப்புப்பட்டையை இறுக்க வேண்டும், அதன் பிறகே தோள்வார்களை. பட்டை இடுப்பெலும்பைக் கவ்விப் பிடித்துப் பாரத்தின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ள வேண்டும். அது நழுவி வயிற்றுக்கு ஏறினாலோ, தோள்வாருக்கும் தோளுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலோ, அந்தப் பை உங்களுக்கானது இல்லை.

கூடாரவாசி:
இதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் பையை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைப் பற்றி. எப்போது வாங்குவது என்பதற்கு அதில் பதில் இல்லை. 45 லிட்டர் பைக்கும் முதுகளவு உண்டு. தோள் வலிக்கு நல்ல இடுப்புப்பட்டை ஒரு மருந்து என்றால் சுமையைக் குறைப்பது அதைவிடப் பெரிய மருந்து.

எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி 1955இல், தமது 67ஆம் வயதில், அந்நாட்டின் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பலாச்சியன் மலைநடைப் பாதையைத் தனியாளாக நடந்து முடித்தார். தாமே தைத்த துணிப்பை ஒன்றை ஒரு தோளில் போட்டுக்கொண்டு போனார். சட்டகமும் கிடையாது, இடுப்புப்பட்டையும் கிடையாது. உள்ளே இருந்தது கொஞ்சம்தான், அதனால் அந்தத் துணிப்பையே தாங்கியது.

மலைக்காகம்:
கேட்வுட் பாட்டி வராத விவாதமே இல்லை போலிருக்கிறது! முந்தைய ஆண்டு அதே பாதையில் புறப்பட்டு, வழி தவறி, பாதியில் திரும்பியவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதினொரு பிள்ளைகளை வளர்த்து, ஆயுள் முழுவதும் பண்ணையில் உழைத்த உடம்பு அது. கூடாரம் கூட எடுத்துப் போகவில்லை. குளியலறைத் திரைச்சீலையை மழைக்குப் போர்த்திக்கொண்டார். 5 டிகிரி குளிரில் முதன்முறை தங்கப்போகிறவருக்கு அவரையா முன்மாதிரியாகக் காட்டுவது?

இன்னொன்று. நடைவிரும்பி பார்த்து வைத்திருப்பது செயற்கை இழை. அதை எவ்வளவு அழுத்திக் கட்டினாலும் பையில் பத்துப் பதினைந்து லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதோடு கூடாரத்தில் பாதி, உணவு, தண்ணீர். உங்கள் 45 லிட்டரில் இடம் போதாமல் மிச்சத்தை வெளியே கட்டித் தொங்கவிடுவார். எடை முதுகை விட்டு விலகி ஆட ஆட நடக்கிறவரும் ஆடுவார்.

கூடாரவாசி:
அப்படியானால் முதலில் ஸ்லீப்பிங் பேக்கை முடிவுசெய்யுங்கள் என்றுதானே ஆகிறது? என் கட்சிக்கே வந்துவிட்டீர்கள். வாத்துத் தூவி அடைத்த டவுன் பேக் வாங்கினால் ஏறக்குறைய பாதி இடமும் கணிசமான எடையும் மிச்சம். பையின் அளவு தானாக இறங்கிவிடும்.

கணக்கன்:
இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். கேட்டவர் உறையில் “0 டிகிரி” என்று பார்த்ததாகச் சொல்கிறார். அது எந்த 0 என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தர அளவீடு 2016இல் வந்தது. அதற்கு முன்பு ஐரோப்பாவில் இ.என். 13537 இருந்தது. சூடேற்றிய பொம்மைக்கு நீளக்கை உள்ளாடை அணிவித்து, பாயின் மேல் ஸ்லீப்பிங் பேக்குக்குள் கிடத்தி, குளிர் அறையில் அளப்பார்கள். அதிலிருந்து கிடைக்கும் எண்களில் மூன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். ‘கம்ஃபர்ட்’ என்பது சராசரிப் பெண் ஒருவர் உடலைத் தளர்த்திப் படுத்து நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. ‘லிமிட்’ என்பது சராசரி ஆண் ஒருவர் உடலைச் சுருட்டிக்கொண்டு நடுங்காமல் இரவைத் தாண்டும் எல்லை. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் பிழைப்பதைப் பற்றியது. அதைப் பார்த்து யாரும் ஸ்லீப்பிங் பேக் வாங்கக் கூடாது.

கம்ஃபர்ட்டுக்கும் லிமிட்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஐந்து ஆறு டிகிரி வித்தியாசம் இருக்கும். உறையில் பெரிதாக அச்சிடுவது பல வேளைகளில் லிமிட் எண்ணைத்தான். எனவே அந்த 0 லிமிட்டாக இருந்தால் கம்ஃபர்ட் 5க்குப் பக்கத்தில் வரும். 5 டிகிரி இரவுக்கு அது விளிம்பில் நிற்கிறது. கம்ஃபர்ட் 0 என்று இருந்தால் கவலையில்லை. இந்த அளவீட்டின் பெயரே இல்லாமல் வெறுமனே “0 டிகிரி” என்று மட்டும் போட்டிருந்தால் அது நிறுவனத்தின் நம்பிக்கை, அவ்வளவே.

பஞ்சுமூட்டை:
கணக்கன் சொன்னதை வழிமொழிகிறேன். டவுன் வாங்கச் சொல்லும் கூடாரவாசியோடு மட்டும் எனக்குச் சண்டை. டவுன் சூட்டைக் காப்பது அது உப்பி நிற்பதால். நனைந்தால் அந்த உப்பல் படுத்துவிடும், காய நெடுநேரம் பிடிக்கும். நீர்விலக்கப் பூச்சு கொடுத்த டவுன் வருகிறது. ஈரம் ஊறுவதைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. மழையே பெய்யாவிட்டாலும் இரண்டு பேர் மூச்சுவிடும் கூடாரத்தின் உட்சுவரில் விடியும்போது நீர் வடியும். கால்மாட்டில் பேக் அதில் உரசிக்கொண்டு கிடக்கும். செயற்கை இழை நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், சீக்கிரம் காயும், துவைப்பதும் எளிது. முதல் ஸ்லீப்பிங் பேக்கைக் கன்னாபின்னாவென்றுதான் கையாளுவோம். பொறுத்துக்கொள்கிற பொருளாக இருக்கட்டுமே.

கூடாரவாசி:
ஈரத்தைப் பூதமாகக் காட்டுகிறீர்கள். முதுகுப்பைக்குள் தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றைச் செருகி, ஸ்லீப்பிங் பேக்கை அதற்குள் வைத்து வாயை முறுக்கிக் கட்டினால் வழியில் எந்த மழையும் தொடாது. காலையில் அரை மணி நேரம் வெயிலில் விரித்தால் இரவு ஈரமும் போய்விடும். செயற்கை இழையோ அழுத்தி அழுத்தியே உப்பலை இழந்து சில ஆண்டுகளில் மெலிந்துவிடும். டவுனை வீட்டில் கட்டி வைக்காமல் தளர்வாகத் தொங்கவிட்டால் பல ஆண்டுகள் வரும்.

வாங்கும்போது ‘ஃபில் பவர் 800’ என்ற எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு அவுன்ஸ் டவுன் எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்பதே அந்த எண். உள்ளே எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். நிறைய அடைத்த 650, கொஞ்சம் அடைத்த 800ஐவிட அதிகச் சூடு தரக்கூடும்.

பஞ்சுமூட்டை:
அரை மணி நேரம் வெயில்! மூன்று நாளும் மேகம் மூடிக் கிடந்தால் எதில் விரிப்பது?

நடைவிரும்பி:
அனைவருக்கும் நன்றி. உறையை மறுபடி போய்ப் பார்த்தேன். கணக்கன் ஐயா சொன்னதுபோலவே லிமிட் 0, கம்ஃபர்ட் 5 என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. நான் குளிருக்கு எளிதில் நடுங்குகிறவள், ஆகவே அது வேண்டாம். ஒரு சந்தேகம்: பாய் என்று வருகிறதே, அது கட்டாயமா? ஸ்லீப்பிங் பேக் கனமாக இருந்தால் போதாதா?

கணக்கன்:
கட்டாயம். நீங்கள் படுத்ததும் உங்கள் எடையில் அடிப்பக்கம் நசுங்கி, அங்கே காற்று நிற்க இடமில்லாமல் போகும். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு கனமானாலும் தரை உங்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். பாயின் ‘ஆர்’ மதிப்பு அதைத் தடுக்கும் திறனைச் சொல்கிறது. மூடிய செல் ஃபோம் பாய்களுக்கு (காற்றடைக்கத் தேவையில்லாத, சுருட்டி வைக்கும் பாய்கள்) அது 2 அளவில் இருக்கும். உங்கள் குளிருக்கு 3 இருந்தால் நல்லது. காற்றடைக்கும் பாயின் அடியில் ஃபோம் பாயைப் போட்டால் இரண்டு மதிப்புகளும் கூடும். பாயே இல்லாமல் படுத்தால் கம்ஃபர்ட் எண்ணுக்கு அர்த்தமே இல்லை, சோதனையே பாயின் மேல்தான் நடக்கிறது.

மலைக்காகம்:
பார்த்தீர்களா, இப்போது பாயும் சேர்ந்துவிட்டது. கூடாரவாசியின் அட்டைப்பெட்டி இன்னும் பெரிதாகும்.

கூடாரவாசி:
ஃபோம் பாயைச் சுருட்டிப் பைக்கு வெளியே கட்டலாம், அதன் எடை அரைக் கிலோகூட வராது. அந்த ஒன்று ஆடினால் யாரும் விழுந்துவிட மாட்டார்கள்.

நடைவிரும்பி:
இப்படிச் செய்யப் போகிறேன். கம்ஃபர்ட் 0 உள்ள செயற்கை இழை பேக்கை முதலில் வாங்குகிறேன், மன்னிக்கவும் கூடாரவாசி அண்ணா. பிறகு எல்லாவற்றையும் மூட்டையாகக் கடைக்கே எடுத்துப் போய், 50இலும் 60இலும் அடுக்கிப் பார்த்து, மலைக்காகம் அண்ணா சொன்னதுபோல் மாட்டிக்கொண்டு படி ஏறப் போகிறேன். முதுகளவு 43 சென்டிமீட்டர் வந்தது.

மலைக்காகம்:
43 என்றால் பல நிறுவனங்களில் ஸ்மாலுக்கும் மீடியத்துக்கும் நடுவில் விழும். முதுகளவை ஏற்றி இறக்கக்கூடிய பையாகக் கேளுங்கள். 60ஐ முதலில் மாட்டிப் பாருங்கள்.

கூடாரவாசி:
50ஐ.